மேற்படி ஆறு கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நகராட்சி அனுமதி உண்டு. முத்திரை குத்திய அந்தத் தாள் இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது. கோழிகள்தான் இல்லை.

ஆம்பூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். பின்பக்கம் ஒரு துவைக்கிற கல்லும் நாலு பேர் படுக்கிற அளவுக்கு மண் தரையும் உண்டு. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தாள். அப்பாவுக்கு டேனரியில், தோலைச் சீவி ஒரே கனமாக்குகிற மெஷினில் வேலை. அந்த வருஷம் அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, உடம்பு தேற வேண்டும், தினம் முட்டை சாப்பிடட்டும் என்றாராம். டாக்டர் சொன்னதில் அம்மா முட்டையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சந்தையிலிருந்து ஆறு நாட்டுப் பெட்டைகள் கூடையில் வந்து இறங்கின.

அப்பா முட்டையில் பாதியை அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குத் தருவார். மருந்தில் பங்கு கேட்கிறோம் என்ற கூச்சமெல்லாம் எனக்கு இல்லை. வாய் நிறைய வாங்கிக்கொள்வேன்.

மழை பிடித்ததும் பின்பக்கம் சேறாகி நாற்றமெடுத்தது. மாடி வீட்டு சார் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். ஊருக்குள் அனுமதி இல்லாமல் கோழி வளர்க்கக் கூடாது, ஒரு வாரத்தில் அப்புறப்படுத்துங்கள் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் அனுமதி கொடுங்கள் என்று அம்மா நேரே ஆபீசுக்கே போய் நின்றாள். மனு கொடுக்கலாம், இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்களாம்.

மனுவை எழுதியது நான். ஆறாம் வகுப்பு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர். ‘மேற்படி ஆறு கோழிகளும் எங்கள் வாழ்வாதாரம்’ என்று ஜோராக எழுதினேன். அம்மா அதை அடிக்கச் சொல்லி, ‘என் வீட்டுக்காரருக்கு மருந்து’ என்று மாற்றச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. தரை காய்ந்திருக்க வேண்டும், வாடை வரக் கூடாது. மழையோ விட்டபாடில்லை. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். டேனரியில் தரை ஈரமானால் தோல் சீவின தூளைத்தான் கொட்டுவார்கள், தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும் என்றார். வியாழக்கிழமை சாயங்காலமே சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். வெளிர் நீலமாக, பஞ்சு போல் இருந்தது. எனக்குப் பழகிய தூள்தான். தினமும் அவர் புருவத்திலும் காது மடலிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பரப்பினேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், செல்போனில் படம் பிடித்தார். “இன்னாம்மா, எங்க ஆபீசே இவ்ளோ சுத்தமா இல்ல” என்றார். அதைக் கேட்டு அப்பா நிமிர்ந்து நின்றார். ஓர் அதிகாரி முன்னால் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

தீனி போடுவது என் வேலை. காலையும் மாலையும் அரிசி நொய்யை அந்தத் தூள் மேல்தான் வீசினேன். தட்டில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மழை விடாததால் அப்பா மேலும் மேலும் தூள் கொண்டுவந்தார்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு கோழி தீனி எடுக்காமல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அதன் இரைப்பை கல்லாட்டம் இறுகியிருந்தது. அம்மா வாயில் எண்ணெய் விட்டு நீவிவிட்டாள். மறுநாள் செத்துப்போயிற்று. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும். அனுமதித் தாள் கைக்கு வந்த அன்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் அடுத்த நாள் சாயங்காலம் விழுந்துவிட்டது.

அதை மட்டும் அம்மா புதைக்கவில்லை. அரிவாள்மனையை எடுத்துவந்து இரைப்பையை அறுத்தாள். உள்ளே நாலு நொய் கூட இல்லை. அத்தனையும் நீலத் தூள், ஈரத்தில் ஊறி ஒரே கட்டியாக இருந்தது.

அப்பா பக்கத்தில் குந்தி அதை உள்ளங்கையில் எடுத்தார். அழுத்திப் பார்த்தார். இருமல் வந்தது. அம்மா அந்தக் கட்டியை விட்டுவிட்டு அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வேலைக்குப் போவ வேணாம்யா.”

“போவாம?”

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

தீனி போட்டது நான்தானே என்று எனக்கு அழுகை பொங்கியது. ஆனாலும் அம்மா சொன்னது அதிகம் என்றுதான் பட்டது. கோழி செத்ததற்கு மனசு கஷ்டப்பட்டு வீட்டில் உட்காருவார்களா என்ன? விடிந்ததும், அம்மா கட்டாமல் வைத்திருந்த டிபன் பாக்ஸை நானே கட்டி எடுத்துப்போய் அப்பா கையில் கொடுத்தேன்.

“நீ போப்பா. கோழிக்கெல்லாம் யாராச்சும் லீவு போடுவாங்களா?”

அப்பா சிரித்துவிட்டார். நல்ல பெண் என்று தலையைத் தடவிவிட்டு சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்ற அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் உள்ளே போனாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா இன்னும் நாலு வருஷம் அந்த மெஷினுக்குப் போனார்.