குழாயில் மிச்சமிருந்த பெற்றோல்

எங்களுடைய முதல் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் பயந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு பெற்றோலால். இன்று சொன்னால் என் மகளே நம்புவதில்லை. அன்று அவளும் அங்கேதான் இருந்தாள், பிள்ளை வண்டிக்குள், கைக்குழந்தையாக, நல்ல நித்திரையில்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தில், ஊஸ்டரில் இருந்தோம். கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து ஓர் அறையில் இருந்த எங்களுக்கு, ஒரு குடியிருப்பின் அப்வார்ட்டுக்கு உதவியாளராகச் சேரும் வாய்ப்பு வந்தது. அப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். படி கழுவுவது, பனி தள்ளுவது, புல் வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த முதியவருக்கு முழங்கால் நோ. உதவிக்கு வருபவருக்கு நிலமாடியில் இரண்டு அறை வீடு. ஆனால் முதலில் பரீட்சை. அவர் திருப்தியாக இருந்தால் மட்டுமே வீடு எங்களுக்கு.

அந்தப் பரீட்சையின் முக்கிய பாடம் புல் வெட்டும் மெஷின். அப்வார்ட் கணவரை நிலவறைக்குக் கூட்டிப்போய், போர்வையை விலக்கி, நோயாளியைக் காட்டுவதுபோல அதைக் காட்டியிருக்கிறார்.

"சுத்தமான பெற்றோல் மட்டும்தானாம். ஒரு துளி ஒயில் கலந்தாலும் எஞ்சின் செத்துப்போகுமாம்," என்றார் கணவர் வீட்டுக்கு வந்து. "முந்தி இருந்த உதவியாள் கலவை பெற்றோலை ஊத்தித்தான் வேலையை விட்டுப் போனவனாம்."

"விட்டுப் போனவனோ, விடச் சொன்னவையோ?"

"அதை நான் கேக்கேல்லையப்பா."

கேட்டிருக்கலாம் என்று எனக்கு இரவு முழுவதும் தோன்றியது.

ஒரு கிழமை மழை பெய்து புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் கூடாது, மெஷின் போட முடியாது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் வெட்டி முடிக்கவேண்டும், காலையில் அப்வார்ட் வந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை கணவருக்கு இரவு வரை வேலை. பெற்றோல் வாங்குவது என் தலையில் விழுந்தது.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் இவ்வளவு காலமும் எங்கை வாங்கினவராம்?"

"தன்ர காரிலை வேறை ஊருக்குப் போய் வாங்கிறவராம். உமக்குப் பக்கத்திலை இருக்கிற பெற்றோல் செட் போதும். கானைக் குடுத்தால் நிரப்பலாம். இதுக்கு என்ன யோசினை?"

யோசனை இருந்தது. அந்தப் பெற்றோல் செட்டில் கானோடு வருபவர்களைக் கார்களுக்கான பம்புகளில் விடமாட்டார்கள். மூலையில் ஒரு சின்னப் பம்ப் இருந்தது. மோஃபா என்று அழைக்கப்படும் சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு ஒயில் கலந்த பெற்றோல் அதில்தான். புல் மெஷின்காரருக்குத் தனிப் பெற்றோலும் அதில்தான். ஒரு திருகியைத் திருப்பினால் கலவை, மற்றப் பக்கம் திருப்பினால் சுத்தம். ஆனால் குழாய் ஒன்றுதான்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறுகையில் கானோடு போய்ச் சேர்ந்தபோது ஒரு மோஃபா நீலப் புகை விட்டுக்கொண்டு புறப்பட்டது. அது கலவைதான் வாங்கியிருக்கும். அது குடித்து மிச்சம் விட்டது இந்தக் குழாய்க்குள் நிற்கும். நான் திருகியைச் சுத்தத்துக்குத் திருப்பினாலும் முதலில் என் கானுக்குள் விழப்போவது அந்த எச்சில்தான்.

ஊரில் இரசாயனவியல் படித்தவள் நான். பியூரெட் என்னும் அளவுக் கண்ணாடிக் குழலை எடுத்தால், எந்தக் கரைசலை நிரப்பப் போகிறோமோ அதாலேயே முதலில் அலசி ஊற்றவேண்டும் என்று பழக்கப்பட்டவள். குழாயைக் கண்ணால் அளந்தேன். நீளம் என் இரண்டு கைவிரிப்பு வரும். உட்பக்கம் சுண்டுவிரல் தடிப்பு. பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட. அதில் உள்ள ஒயில் அரைத் தேக்கரண்டி இருக்கலாம். அரைத் தேக்கரண்டி பெரிய விஷயமில்லை என்று ஆறுதல் வந்தது. உடனே அப்வார்ட் சொன்னது ஒரு துளி என்பது நினைவுக்கு வந்தது.

முதல் கோப்பையை நிலத்தில் ஊற்றலாமா? இந்த நாட்டில் அதைச் செய்தவளுக்கு என்ன நடக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை. பிள்ளையின் பால் போத்தல் இருந்தது. அதில் பிடிப்பதை ஒரு கணம் யோசித்துப்பார்த்து, யோசித்ததற்காகவே பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன்.

ஒரே வழிதான் தெரிந்தது. சுத்தமான பெற்றோல் வாங்கும் வேறு யாராவது எனக்கு முன்னால் வாங்கவேண்டும். அவர்கள் அந்த எச்சிலைக் கொண்டுபோவார்கள். பாவம்தான். ஆனால் அவர்களுக்கு வீட்டுப் பரீட்சை இல்லையே.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் கானோடு வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் கான். எனக்குப் பின்னால் வந்து நின்றார். அங்கே எல்லோரும் கதைத்தது சுவிஸ் ஜெர்மன்; எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"உங்களுக்குப் புல் மெஷினுக்கோ?" என்று என் வகுப்பு ஜெர்மனில் கேட்டேன்.

"ஓம், புல் மெஷினுக்குத்தான்."

மனதுக்குள் கும்பிட்டேன். "அப்படியென்றால் நீங்கள் முதலில் எடுங்கள்."

"இல்லை இல்லை. நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்."

"எனக்கு அவசரமில்லை."

"எனக்கும் அவசரமில்லை."

"பிள்ளை நித்திரை."

"அப்ப இதுதான் உங்களுக்கு நல்ல நேரம். எடுங்கோ."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவரும் அசையவில்லை. இந்த நாட்டு மனிதருக்கு வரிசை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் அவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு நினைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கண் மெல்லக் கீழிறங்கிக் குழாயின் நீளத்தை அளப்பதைக் கண்டேன். எனக்கு விளங்கிவிட்டது. அவரும் அதே நோக்கத்தோடுதான் நிற்கிறார். தன் எஞ்சினுக்காக என் கானைப் பலிகொடுக்கப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் மரியாதை இன்னும் கூடியது.

"தயவுசெய்து," என்றேன்.

"நீங்கள் தயவுசெய்து," என்றார் அவர், ஓரடி பின்வாங்கி.

நானும் வண்டியை ஓரடி பின்னால் இழுத்தேன். பம்புக்கு முன்னால் ஒருவரும் இல்லாத ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அதற்குள் டுபுடுபு என்று ஒரு மோஃபா வந்து நின்றது. அதில் எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, தலையில் துணி கட்டி, காலில் ரப்பர் சப்பாத்து, பின்பக்கக் கூடையில் ஒரு கட்டு லீக்ஸ் மரக்கறி.

"என்ன, பம்ப் பழுதோ?"

"இல்லை," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"அப்ப ஏன் கலியாண வீட்டு வாசலிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்? ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால் நான் எடுக்கிறன்."

எடுத்தார். கலவைதான். மோஃபாவின் பெற்றோல் ராங்கியை விளிம்பு வரை நிரப்பி, முனையைத் தட்டி, மாட்டிவிட்டார். இப்போது குழாய் முழுவதும் புத்தம்புதிய எச்சில். இஸ்திரிச் சட்டைக்காரரின் முகம் விழுந்ததைப் பார்க்க, தனியாக இல்லை என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது.

கடைக்குள்ளிருந்து பெற்றோல் செட்டை நடத்தும் பெண் வெளியே வந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பூட்டப்போகிறேன், யாராவது வாங்குகிறீர்களா, இல்லையா என்றாள். பூட்டினால் நாளைக் காலை புல் வெட்டு இல்லை. புல் வெட்டு இல்லையென்றால் வீடு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"குழாய்க்குள்ளே இந்த அம்மாவின் மிச்சம் இருக்கிறது."

"என்ரை மிச்சமோ?" மோஃபாவில் ஏறப்போன பெண்மணி காலை மறுபடி கீழே வைத்தார். "மகளே, நான் மாடு வளக்கிறனான். ஆனால் துப்பரவான மனுசி."

"உங்களைச் சொல்லவில்லை. ஒயிலைச் சொன்னேன். இவருக்கும் அதுதான் பயம்."

"எனக்கு ஒரு பயமும் இல்லை," என்றார் இஸ்திரிச் சட்டை. பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கவனம். அவ்வளவுதான்," என்றார்.

பெற்றோல் செட்டுக்காரி இடுப்பில் கைவைத்து, அவ்வளவு ஒயில் ஒன்றும் செய்யாது என்றாள். சட்டைக்காரர், கையேட்டில் அப்படிப் போடவில்லை என்றார். நான் யாரை நம்புவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மோஃபாப் பெண்மணிதான் கேட்டார்: "குழாய்க்குள்ளை நிக்கிற கலவை எனக்குத்தானே சரி? எனக்கே தாங்கோவன்."

அது சரிதான். திருகியைச் சுத்தத்துக்குத் திருப்பி, முதல் கோப்பையை மோஃபாவுக்குள் விட்டால் மிச்சம் அவருக்குப் போகும், குழாயும் சுத்தமாகும். ஆனால் அவருடைய ராங்கி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. சூப்புக் கொண்டுவந்த ஃபிளாஸ்கை நீட்டினார். பெற்றோல் செட்டுக்காரி, அனுமதிக்கப்பட்ட கான் இல்லாமல் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்றாள். அப்படியென்றால் ஓடிக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று பெண்மணி புறப்பட்டே விட்டார். பெற்றோல் செட்டைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு வட்டம். லீக்ஸ் ஆடிக்கொண்டு போயிற்று. சட்டைக்காரர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு கோப்பை குறைய இவர் சூரிச் வரை போய்வரவேண்டும் என்றார். நான் ஓடிப்போய்க் கைகாட்டி மறித்தேன்.

"வீட்டிலை கான் இல்லையோ அம்மா?"

"இருக்கே! மாட்டுக் கொட்டிலுக்குள்ளை."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

என்ன விளங்கியதோ, "ஓ ஓ," என்று சொல்லி அவர் பறந்துபோனார். நாங்கள் மூவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெற்றோல் செட்டுக்காரி பூட்டைக் கையில் வைத்து ஆட்டினாள். மகள் விழித்து அழத் தொடங்கினாள். சட்டைக்காரர் தன் சாவிக்கொத்தைக் குலுக்கி விளையாட்டுக் காட்டினார். அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

பெண்மணி கானோடு திரும்பி வந்தார். திருகி சுத்தத்துக்குத் திரும்பியது. ஒரு கோப்பை அவர் கானுக்குள் போனது. "இன்னும் கொஞ்சம்," என்றார் சட்டைக்காரர். "இன்னும் கொஞ்சம்," என்றேன் நானும். முதன்முறையாக ஒரே கட்சியானோம்.

"இப்ப நீங்கள் முதலில்," என்றார் அவர், கையை விரித்து.

மரியாதையா, அல்லது இன்னொரு தடவை அலசிவிட என்னைப் பிடிக்கிறாரா? இன்று வரை எனக்குத் தெரியாது. பிள்ளையின் அழுகையில் மேலும் யோசிக்க முடியவில்லை. கானை நிரப்பினேன். வீடு வரை ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறுகையால் கானைப் பிள்ளையிலிருந்து எவ்வளவு தூரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு நடந்தேன். தோள் அடுத்த கிழமை வரை நொந்தது.

சனிக்கிழமை காலை மெஷின் நிற்கும் இடத்துக்கு நான் போகவில்லை. தெருவின் மறுபக்கம் வண்டியோடு நின்று, ஒயிலைக் காட்டிக்கொடுக்கும் நீலப் புகைக்காகக் காத்திருந்தேன். கணவர் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். சத்தம் வந்தது, புகை வரவில்லை. வருமோ என்று மெஷின் ஓடிய நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிப் புல் விழுந்த பிறகு அப்வார்ட் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, புகைபோக்கிக்குக் கிட்டே மூக்கை வைத்து மணந்து பார்த்தார். ஏதோ கேட்டார். கணவர் நான் நின்ற பக்கம் விரலை நீட்டினார். எனக்கு உயிர் போனது.

கணவர் தெருவைக் கடந்து வந்தபோது கையில் வீட்டுச் சாவி இருந்தது.

"வீடு எங்களுக்காம்."

"உண்மையாவோ? என்ன சொன்னவர்? சொன்னபடியே சொல்லுங்கோ."

"பெற்றோல் நல்ல சுத்தமாம். தான் வாங்கிறதை விடச் சுத்தமாம்."

"வேறை?"

"இனி ஒவ்வொரு கிழமையும் உம்மைத்தான் வாங்கச் சொன்னவர்." சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏனப்பா முகம் மாறுது? அஞ்சு நிமிச வேலைதானே?"

நான் சாவியை வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டேன். மனம் அடுத்த வெள்ளிக்குப் போய்விட்டிருந்தது. குழாய் மிச்சத்தை வாங்கிக்கொள்ள அந்தப் பெண்மணி வேண்டுமே; அவருடைய மோஃபாவுக்கு ஒரு ராங்கி எத்தனை நாளைக்குப் போதும் என்று நான் கேட்காமலே வந்துவிட்டேன்.