நடுத்துண்டு

ராசம்மாளுக்குச் சமைக்கத் தெரியாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவள் அவள்தான். பகைத்துக்கொண்டால் அந்தப் போகத்துக்குக் கூப்பிட மாட்டாளோ என்று ஒரு பயம். அதோடு, குறை சொல்லவும் அதில் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் வேளாவேளைக்கு நல்ல சோறு வெந்துகொண்டுதான் இருந்தது. வேக வைத்தது அவள் புருஷன் தங்கையன், அவ்வளவுதான்.

நானும் அவளோடு நடவுக்குப் போகிறவள். நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ராசம்மாள் விவரம் தெரிந்த நாளிலிருந்து வயலில் நின்றவள். அவள் அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போய்விடுவாள். வீட்டு அடுப்பை அத்தை பார்த்துக்கொண்டாள். தங்கையன் கதை வேறு. இளவயதில் கல்யாணச் சமையல்காரர் ஒருவரோடு மயிலாடுதுறை, சீர்காழி என்று ஊர் ஊராகப் போய்க் காய் நறுக்கிக் கொடுத்து, கூடவே கைப்பக்குவத்தையும் கற்றுக்கொண்டவர். ஒரு விபத்தில் கால் முறிந்து சரியாகக் கூடாமல் போனதும் வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை போட்டார். இப்போது அது பைக்குகளுக்கும் பஞ்சர் ஒட்டுகிற கடை.

கல்யாணமான மறுநாள் காலையில் ராசம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். தங்கையன் அரிசி களைந்துகொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கு நடவு நடத் தெரியாது. சரியாப் போச்சு, விடு" என்றாராம். அதன் பிறகு அந்தப் பேச்சே அந்த வீட்டில் வரவில்லை. மகள் செம்மொழி பிறந்தாள், அப்பா கைச்சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தாள், படித்து டீச்சரானாள், சீர்காழியில் பரிதி என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ராசம்மாள் கத்தியையோ கரண்டியையோ தொடவேண்டிய அவசியமே வரவில்லை.

போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, தங்கையனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. தஞ்சாவூருக்குப் போய் முதலில் வலது கண்ணுக்குச் செய்துகொண்டு வந்தார்கள். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, ஒரு மாதத்துக்கு அடுப்புப் பக்கமே போகக் கூடாது, அனலும் புகையும் ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதே வாரம் வளைகாப்பு முடிந்து செம்மொழியும் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

தானே சமைக்கிறேன் என்றாள் செம்மொழி. ராசம்மாள் அவளை அடுப்படிக்குள் விடவில்லை. நானும் ஒரு கிண்ணம் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மறுநாளும் கொண்டுபோனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஒரு நாள் வாங்கலாம். ஒரு மாசம் வாங்கித் திங்க முடியுமா? நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு வடித்த சோற்றைப் பற்றி அவளே பிறகு வரப்பில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தாள். அறுத்து வந்த புது நெல்லின் அரிசி. பழைய அரிசி போலத் தண்ணீரும் நேரமும் கேட்காது. அது அவளுக்குத் தெரியாது. கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள், சோறு குழைந்துபோனது. வடிக்கும்போது துணி நழுவி, தட்டு விலகி, பாதிச் சோறு கஞ்சியோடு கீழேயிருந்த சட்டிக்குள் விழுந்தது. மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். மூன்று பேரும் அந்தக் கஞ்சியில் உப்பைப் போட்டு, நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். தங்கையன் தம்ளரை வைத்துவிட்டு, கண் ஆபரேஷனுக்குக் கஞ்சி நல்லதுதான் என்றாராம். அவர் கேலி செய்தாரா, சமாதானம் சொன்னாரா என்று அவளுக்கு அன்று முழுக்கத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து தங்கையன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வாசனையை வைத்தே வழி சொல்ல ஆரம்பித்தார். வெங்காயம் போதும், இன்னும் வதக்கினால் கசந்துபோகும் என்பார். புளி பச்சை வாசனை அடிக்கிறது, இறக்காதே என்பார். காலையில் சுவரோரம் இருக்கும் நாற்காலி மத்தியானத்துக்குள் அடுப்படி வாசலுக்கு நகர்ந்து வந்திருக்கும். செம்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, அவரை எழுப்பி, நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போடுவாள்.

ராசம்மாளுக்குக் கோபம் வந்தது அளவு கேட்டபோதுதான். எவ்வளவு புளி என்று கேட்டால், கண்ணளவுதான் என்பார்.

"உங்க கண்ணுக்குத்தான் மருந்து போட்டு மறைச்சு வச்சிருக்கே. இப்ப யாரு கண்ணால அளக்குறது?" என்று அவள் கேட்டாள். செம்மொழி சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

உப்புக்கு ஒரு கை என்று அவர் சொன்னதை அப்படியே கேட்டு, ஒரு நாள் குழம்பை வாயில் வைக்க முடியாமல் செய்துவிட்டாள். அவர் கை மெலிந்த கை. இவள் கை நாற்றுக்கட்டு முடிகளைப் பிடித்துப் பிடித்து அகன்றுபோனது. அதற்குப் பிறகு மூன்று விரலால் எடுத்து, பற்றவில்லை என்றால் இன்னொரு தடவை எடுப்பது என்று தனக்கொரு முறையை வைத்துக்கொண்டாள்.

குழம்பு மிளகாய்த்தூளைத் தங்கையன் கடையில் வாங்கியதே கிடையாது. மல்லியும் மிளகாயும் வீட்டில் வறுத்து அரைப்பதுதான். ராசம்மாள் முதல் தடவை மிளகாயை வறுத்தபோது நெடி ஏறி அவர் இருமித் தீர்த்துவிட்டார். இருமினால் கண்ணுக்கு ஆகாதே என்று அவள் பதறிப்போய், அடுத்த நாள் கடையில் ஒரு பாக்கெட் தூளை வாங்கிப் புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அதைப் போட்டு வைத்த குழம்பை அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்த பிறகு மெதுவாக, நெடிக்குப் பயந்தா வாங்கினாய் என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். மிளகாயை வறுக்கவே வேண்டாம், மொட்டை மாடியில் வெயிலில் போடு, தொட்டால் நொறுங்கும்போது எடு, மல்லியை மட்டும் வறுத்துக்கொள் என்றார். அப்படிச் செய்து மிக்ஸியில் அரைத்த தூளின் வாசனை இரண்டு நாள் அவள் முந்தானையிலேயே இருந்தது. அதைக் கழுவ மனசு வரவில்லை என்றாள் என்னிடம்.

சோறும் குழம்பும் ஒருமாதிரி கைக்கு வந்த பிறகு வேறொன்று அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. மகளுக்குப் போட்டு, அவருக்குப் போட்டு, மறுசோறும் போட்ட பிறகு பானையைப் பார்த்தால் அடிச்சோறுதான் இருக்கும். காய் இருந்தால் குழம்பு இருக்காது, குழம்பு இருந்தால் காய் இருக்காது. வழித்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, இத்தனை வருஷமாக இவர் என்ன சாப்பிட்டார் என்று யோசித்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்காருவாள். தட்டு நிறைய வரும். சாப்பிட்டதும் உடம்பு அசதியில் சாய்ந்துவிடுவாள். அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததே குறைவு. நீங்க சாப்பிடலையா என்று கேட்டால், எனக்கு இருக்கு என்பார்.

செம்மொழிக்கு மீன் குழம்பு மேல் ஆசை வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவரும் ஜெக்கரியா எங்கள் தெருவில் ஹார்ன் அடித்ததும் ராசம்மாள் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் வரும் நேரத்தில் அவள் எப்போதும் வயலில் இருப்பாள். மீன் வாங்குவதெல்லாம் தங்கையன்தான். ஜெக்கரியா, தங்கையனின் கண்ணை விசாரித்துவிட்டு, ஒரு கொடுவா மீனை எடுத்துச் செதில் போக்கி வெட்டினார்.

"தலையும் வாலும் தனியா போட்டுடுறேங்க. அண்ணனுக்கு அதுதானே" என்றார்.

"அவருக்கு வால்துண்டுதான் புடிக்கும்" என்றாள் ராசம்மாள்.

ஜெக்கரியா சிரித்துக்கொண்டே, "புடிக்கும்னு யாருங்க சொன்னா? நடுத்துண்டு உங்களுக்கும் பாப்பாவுக்கும் வேணும்பாரு. வயல்ல நிக்கிறவளுக்கு முள்ளு பாத்துத் திங்கப் பொறுமை இருக்காதுன்னு சொல்லுவாரு" என்றார்.

ராசம்மாள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. மண்சட்டியில் குழம்பைக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டதும் கரண்டியால் கிண்டாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிக்கொடுத்தாள். அதை அவர் எப்போதோ செய்யக் கண்டிருக்கிறாள். கூடத்தில் நாற்காலியும் அன்றைக்கு நகரவில்லை. வாசனை பிடித்து அவர் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

மகளுக்குப் போட்டுவிட்டு அவர் தட்டில் நடுத்துண்டு இரண்டை வைத்தாள். கண்ணாடிக்குள் அவருக்கு இன்னும் எல்லாம் மங்கல்தான். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது வால் இல்லையே, ராசு."

"இல்ல. சாப்பிடுங்க."

"உனக்கு?"

"எனக்கு இருக்கு" என்றாள்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். செம்மொழிதான் சாப்பிடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து, மூணு பேரும் சேர்ந்தே சாப்பிடலாமே என்றாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவது வழக்கமாகிவிட்டது.

மாசிக் கடைசியில் செம்மொழிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குள் தங்கையனின் கண்ணும் தேறி, எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கவேண்டிய நேரம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பருப்பு டப்பாவை எடுக்கக் கை நீட்டினால் அங்கே வெந்தயம் இருந்தது. அத்தனை டப்பாவும் இடம் மாறியிருந்தன. பூண்டு உரிக்க உட்கார்ந்தவரிடம் ராசம்மாள், நான்தான் இருக்கேனே, நீங்க போய்க் கடையைப் பாருங்க என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு, குமிழி வந்ததைக்கூடக் கவனிக்காமல் அவர் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். ராசம்மாளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"செம்மொழிக்குப் பால் ஊறட்டும்னு பால்சுறா வாங்கி வச்சிருக்கேன். எவ்வளவு நேரம் வேகணும், தோலை எப்படி உரிக்கணும்னு தெரியல. வந்து பாருங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியும். முந்தின நாளே என் வீட்டில் வந்து விவரமாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தாள். தங்கையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைய சுறாப்புட்டை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் கிண்டினார்கள்.

அதற்குப் பிறகு, சொல்லி வைத்துக்கொள்ளாமலே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. நடவும் களையும் இருக்கும் நாளில் அவர் சமைப்பார். மற்ற நாளில் அவள். சாம்பார் அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை, பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும். ஆனால் வயலோரத்தில் பறித்துவரும் ஆரைக்கீரையைப் பூண்டு தட்டிப்போட்டு அவள் கடைகிற மாதிரி அவருக்கு வராது. அதை அவரே கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

ஆவணியில் இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது. மறுபடியும் கறுப்புக் கண்ணாடி, மறுபடியும் நாற்காலி. மாதம் முடிந்து இருவரும் தஞ்சாவூருக்குப் போய்க் காட்டியபோது, நன்றாக ஆறிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து தாராளமாக அடுப்பில் நிற்கலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் சீர்காழியிலிருந்து செம்மொழி போன் செய்தாள். தங்கையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ராசம்மாள் பக்கம் பார்க்காமல், "இன்னும் ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

டாக்டரம்மா சொன்னபோது ராசம்மாளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் ஒன்றும் திருத்தவில்லை. பஸ்ஸில் வந்த புடவையைக்கூட மாற்றாமல், மகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.