குயினுக்குக் கட்டிய பங்கர்

போன செவ்வாய்க்கிழமை நடுப்பகல் என் அக்கா வீட்டில் ஒரு குதிரை சாகப் பார்த்தது. அதில் அரைவாசிப் பழி அடியேனுக்கு.

மட்டக்களப்பில் ஏது குதிரை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எருமை இருக்கிறது, மாடு இருக்கிறது, ஆடு தாராளமாக இருக்கிறது... என் அறிவுக்கு எட்டியவரை குதிரை ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கியவர் என் மச்சான் – அக்காவின் புருஷன், அமிர்தகழிப் பக்கம் சின்னதாக ஓர் அரிசி ஆலை வைத்திருப்பவர். நுவரெலியாவுக்கு உருளைக்கிழங்கு வாங்கப் போன மனுஷன், ரேஸ் ஓடி ஓய்ந்த ஒரு பெண்குதிரையைக் கண்டு மனம் இளகிவிட்டார். கிழங்கை மறந்துவிட்டுக் குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெயர் குயின்.

வழியெல்லாம் சோதனைச்சாவடி. ஊசி நூல் வாங்கி வந்தாலும் இறக்கிக் காட்டச் சொல்கிற காலம் இது. குயினை மட்டும் ஒருவரும் இறக்கச் சொல்லவில்லையாம். ஒரு சிப்பாய் "இதுக்கு ஐ.சி. இருக்கா?" என்று அடையாள அட்டை கேட்டுவிட்டுத் தானே சிரித்தானாம்.

குதிரை வந்தாயிற்று. லாயம்?

மச்சானுக்கு மாட்டுப்பட்டி கட்டத் தெரியும். வீடு கட்டத் தெரியும். ஷெல்லுக்குப் பதுங்குகிற பங்கர் கட்ட நம் எல்லோருக்குமே தெரியும். லாயம் மட்டும் தெரியாது. போன வருஷம் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து இரண்டு தென்னைகள் முறிந்தது வேறு அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவர் என்ன கட்டுவார்?

ஆலையில் சாக்குக்குப் பஞ்சமில்லை, வாவிக்கரையில் மணலுக்கும் பஞ்சமில்லை. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்மூட்டை. நாலாவது பக்கத்தில் ஒரு வாசல். மேலே தகரம், அதுவும் தாழ்வாக – இராணுவக் காவல் கோபுரத்தில் நிற்பவனுக்கு இதென்ன புதுக் கட்டடம் என்று சந்தேகம் வரக்கூடாதாம்! சாக்கின் வாயை விரித்துப் பிடித்தவன் நான். கட்டி முடிந்ததும் சுற்றிவந்து பார்த்து, "ஷெல் விழுந்தாலும் குயினுக்கு ஒரு கீறல் விழாது மச்சான்" என்று சான்றிதழ் கொடுத்தவனும் நானே.

அது பங்குனியில். வைகாசி வந்தது, கூடவே கச்சான் காற்றும் வந்தது. மேற்கே காய்ந்த வயல்களைத் தடவிக்கொண்டு வந்து முகத்தில் அறையும் அந்தக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த சீவனுக்கு யார் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அக்கா ஆளனுப்பினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் குயின் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள். மூக்குத்துவாரம் விரிந்து, விலா படபடவென்று அடிக்கிறது. உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. வெளியே நடத்தப் பார்த்தோம், கால் எழவில்லை. மச்சான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். புயலில் ஆலைக் கூரை பறந்த அன்றும் அழாத மனுஷன்! எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மிருக வைத்தியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நான் குதிரையைப் புத்தகத்திலதான் படிச்சநான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். லாயத்துக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். மூத்திர நெடி அவர் கண்ணைக் கரித்திருக்கிறது.

"இதென்ன, குதிரையை அவிக்கப் போறீங்களா? மூட்டையெல்லாத்தையும் இழுத்துத் தள்ளுங்க!"

"ஷெல் வந்தா, டொக்டர்?" என்றார் மச்சான்.

"ஷெல் வந்தா வரும், வராட்டி விடும். வெயில் வந்திட்டே!"

தள்ளினோம். ஆலை ஆட்கள் தகரத்தைக் கழற்றித் தென்னங்கிடுகை உயர்த்திப் போட்டார்கள். அக்கா கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து குயின் மேல் ஊற்றினாள். மணலைக் கொட்டிய வெறும் சாக்குகளை நனைத்து மேற்குப் பக்கம் தொங்கவிடச் சொன்னார் வைத்தியர். கிழக்குப் பக்கம் கடல்காற்றுக்குத் திறந்தபடி. குடிக்கிற தண்ணீரில் ஒரு பிடி உப்பு. சாணத்தைக் காலையும் மாலையும் அள்ள வேண்டும், ஈரப் புல்லில் நிற்கவிடக் கூடாது. குதிரை வைத்திருக்கும் வாசகர்கள் இந்தக் குறிப்பை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"டொக்டர், காத்தில்லாட்டி இது செத்திருமா?"

"ஓம் கா, செத்திரும்."

"அப்ப நான்?"

வைத்தியர் புத்திசாலி, குதிரையின் பல்லை எண்ணப் போய்விட்டார். அக்கா வீட்டு யன்னல்களில் இரண்டு வருஷமாக மூட்டை அடுக்கியிருக்கிறது. "குதிரைக்குப் புழுங்கும், எனக்குப் புழுங்காதா?" என்று மண்வெட்டியை எடுத்தவள், முன் யன்னல் மூட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளினாள். மச்சான் தடுக்கவில்லை. தடுக்கும் தைரியம் எவருக்கு?

எதிர்வீட்டுப் பூரணம் மாமி வேலிக்கு ஓடிவந்தார்.

"என்ன தம்பி, மூட்டையைத் தள்றீங்க? ரேடியோவில சொல்லிட்டாங்களா? சமாதானப் பேச்சுவார்த்தை சரிவந்திட்டா?"

இல்லை மாமி, குதிரைக்கு... என்று நான் தொடங்குவதற்குள் மாமி திரும்பிப் போய்விட்டார். அடுத்த நிமிஷம் அவர் வீட்டு மூட்டை விழுகிற சத்தம். பிறகு அதற்கடுத்த வீடு. பிறகு மூலைவீடு. ஒரு மணித்தியாலத்தில் எங்கள் ஒழுங்கையில் தெரு முழுக்க மணல். யாரோ வாசலில் கற்பூரம் கொளுத்தினார்கள். கட்டாயம் சொல்ல வேண்டுமா? எனக்கும் ஒரு கணம், உண்மைதானோ என்று நெஞ்சு துள்ளியது.

பின்னேரம் கடல்காற்று வந்தது. குயினின் கழுத்தில் ஒருவழியாக வியர்வை பொடித்தது. ஒரு வாளி உப்புத்தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு, மச்சானின் சேர்ட்டைக் கடித்து இழுத்தாள். மச்சான் மறுபடியும் அழுதார்.

ஆறு மணிச் செய்தியும் வந்தது. சமாதானம் இல்லை. வழக்கமான செய்திதான்... இரண்டு பக்கமும் வெற்றி.

வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பூரணம் மாமி யன்னலோரம் கதிரையைப் போட்டு, தலைமயிரை விரித்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, சமாதானம் ஒண்டும் வரயில்ல. அது குதிரைக்காகத் தள்ளின மூட்டை."

"குதிரைக்கா?"

ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மாமி யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"இருக்கட்டும் தம்பி. இந்த யன்னலால வாவி தெரியுமெண்டதையே நான் மறந்து போனன். மூட்டையை நாளைக்கு அடுக்குவம்."

இன்று திங்கட்கிழமை. எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் இன்னும் நாளை ஆகவில்லை.