காலியாக விட்ட கட்டம்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் இருந்தேன். ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு ஏபிஐ, அதாவது கணினிகள் தங்களுக்குள் தகவல் கேட்டுப் பெறும் நிரல், எழுதும் வேலை வந்தது. கிளைகளிலிருந்து ஒருவரின் விவரம் வந்தால், சர்வர் பொருத்தமான வரன்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க என் விவரத்தையே அனுப்பினேன். அப்பா கிறிஸ்தவர், அம்மா இந்து. எங்கள் வீட்டில் சாதி என்று எதையும் எழுதுவதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். உடனே பதில் வந்தது: ‘சாதி இல்லாத விவரம் ஏற்கப்படாது.’

அதை எழுதியதே நான்தான். எல்லாக் கட்டத்துக்கும் ‘கட்டாயம்’ என்று போட்டுக்கொண்டே வந்த கை, அங்கேயும் போட்டிருந்தது. நான் கட்டிய வாசல் என்னையே உள்ளே விடவில்லை. சாதியைக் கட்டாயமாக்கிய அந்த வரியை அழித்தேன்.

விஷயம் தெரிந்ததும் மையத்துக்காரர் கொதித்தார். “ஏம்மா, சாதி தெரியாம எவன் பொண்ணு குடுப்பான்? அத மறுபடி போடு.”

“விருப்பம் இருக்கிறவங்க நிரப்பட்டும் சார். இல்லாதவங்கள வெளிய தள்ளுற வரிய நான் எழுத மாட்டேன்.”

“அப்ப வேற ஆள வச்சு எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கங்க. என் கையால நடக்காது.”

எழுதிக்கொண்டார். இன்றும் எந்த விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தாலும், காலியாக விட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். திருப்பி அனுப்பட்டும். மறுபடியும் அழுத்துவேன்.