ஸ்கேன் மேசையில் வந்த தூக்கம்

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. ஒரே வருடத்தில் மூன்று முறை நிமோனியா. மூன்று முறையும் அதே இடம், இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி.

போன கார்த்திகையில் டாக்டர் சொன்னார்: அந்தப் பகுதி வேலை செய்தால் மருந்து போதும், செய்யாவிட்டால் அறுத்து எடுக்க வேண்டும். சி.டி. படம் உருவத்தைத்தான் காட்டும். எங்கே காற்று போகிறது, எங்கே போகவில்லை என்று காட்டும் புதுவகை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மயக்க மருந்து கூடாது. கொடுத்தால் நல்ல நுரையீரலும் சற்றுச் சுருங்கும். படம் கிடைக்காவிட்டால், இருக்கிற சி.டி.யை வைத்தே அறுவையை முடிவு செய்வோம் என்றார்.

நானே வேறொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பூஜை அலமாரி முன் நின்று முருகனிடம் வழக்கம்போல வரிசையாகக் கேட்டேன். ஒன்று, அவள் அசையக் கூடாது. இரண்டு, அழக் கூடாது. மூன்று, சத்தத்துக்குப் பயப்படக் கூடாது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, போனில் அந்தச் சத்தத்தைப் போட்டு இரண்டு வாரம் பழக்கினேன். “மூச்சை இழு, பிடிச்சுக்கோ” என்றும் சொல்லிக் கொடுத்தேன். தினமும் நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

ஸ்கேனுக்குக் குறித்த செவ்வாய்க்கிழமை அவள் துளியும் அசையவில்லை. நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். பாதியில் சத்தம் நின்றது. அங்கிருந்த டெக்னீஷியன் உள்ளே வந்து கன்னடத்தில் சொன்னார்:

“மேடம், மகு உசிரு ஹிட்கொள்தா இதே.”

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளாம். இந்த ஸ்கேனுக்கு இயல்பாக மூச்சு விட வேண்டும். நான் விசாரித்திருக்க வேண்டிய விஷயம். விசாரிக்கவில்லை.

“நல்லா பிடிச்சேனாம்மா?” என்றாள் யாழினி.

“பிடிக்க வேணாம்டா கண்ணு. சும்மா விடு.”

“நீதானே பிடிக்கச் சொன்னே?”

இரண்டாம் முறை மூச்சையே நினைத்துக்கொண்டு வேகவேகமாக விட்டாள். அதுவும் வீண். இன்னும் ஒரு முறைதான் முடியும் என்றார் டெக்னீஷியன். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த என் கணவர் வாசலில் நின்று கேட்டார்: “ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கற. உன் பொண்ணுக்கு மூச்சு விடச் சொல்லித் தரலையா?”

உள்ளே போய் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். முருகா, இனி என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மூன்றாம் முறை சத்தம் தொடங்கிச் சற்று நேரத்தில் என் கைக்குள் இருந்த கால் தளர்ந்தது. அந்த இரைச்சலில் யாழினி தூங்கிப்போனாள். வயிறு சீராக ஏறி இறங்கியது. எத்தனையோ குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறேன். அவள் வயதில் யாரும் மருந்தில்லாமல் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை டாக்டர் படத்தைக் காட்டினார். கீழ்ப்பகுதியில் பெரும்பாலான இடத்துக்குக் காற்று போகிறது, ரத்தமும் போகிறது. அறுவை வேண்டாம். மருந்தும், தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சியும் போதும். முற்றிலும் குணமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், இருமல் இன்னும் வருகிறது. ஆனால் எதையும் அறுத்து எடுக்கவில்லை.

இப்போது ஸ்கேனுக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும், குழந்தை எப்படி மூச்சு விட வேண்டும் என்று உட்கார்ந்து பேசுகிறேன். பிரார்த்தனைக்கு வரிசை எண் போடுவதை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறினால், டாக்டரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். முருகன் முன்னால், கேட்கத் தெரியாவிட்டாலும் போய் நில்லுங்கள். அப்படி நின்றபோதுதான் அவன் எனக்குச் செய்தான்.