நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?

மூன்று வாரமாக என் சர்வரின் முதல் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது. பயனர்கள்: 1. அந்த ஒருவர் நான்தான். காலையில் பல் விளக்கும் முன் போய்ப் பார்ப்பேன். ஒன்று. கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன் பார்ப்பேன். ஒன்று. ஆள் வராத கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு நானே பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏசி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று. கணபதியில் என் வாடகை வீட்டு முன்னறையில், அம்மாவின் தையல் மெஷின் மேல் அதை ஏற்றி வைத்திருந்தேன். அதில் படங்கள் வைப்பதற்கான இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு ஓடவிட்டால், நம் படமெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கும். சொந்தக்காரர்கள் போனில் லிங்க்கைத் தட்டிப் பெயர் பதிந்துகொண்டு வந்து பார்க்கலாம். அவ்வளவுதான் சமாச்சாரம்.

படங்களுக்குப் பஞ்சமில்லை. இருபது வருஷமாக எங்கள் வகையறாவில் நடந்த எல்லாக் கல்யாணமும் சீரும் என்னிடம் இருக்கின்றன. கல்யாணமாகாதவன் அடுத்தவன் கல்யாணத்தில் வேறென்ன செய்வான்? வெறுங்கையோடு நின்றால், "உனக்கு எப்பக் கண்ணு?" என்பார்கள். கையில் கேமரா இருந்தால், "என்னைய ஒண்ணு எடு கண்ணு" என்பார்கள். பதினோரு வருஷம் பெண் பார்த்து, நாற்பத்தைந்து வயதில் ஜாதகத்தைப் பரணில் போட்டோம். அதன் பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆறு மாசத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டாள்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில்தான் நான் என் வாழ்க்கையிலேயே ரொம்ப நல்ல ஜோக்கை அடித்தேன். உடுமலையில் கட்டிக்கொடுத்த என் அக்கா, எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள், அன்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று அம்மா பக்குவத்தில் ரசம் வைத்திருந்தாள். சமையல்காரரிடம் விடவில்லை. பந்தியில் நான் ஒரு வாய் குடித்தேன். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "இந்த ரசத்தை அன்னைக்கே வாயில ஊத்தியிருந்தா அம்மா எந்திரிச்சு உக்காந்திருக்கும், வையறதுக்காகவாவது" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். அக்கா எனக்குப் பின்னால் வாளியோடு நின்றிருந்தாள்.

அவள் திட்டவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். "செரிங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உடுமலை பஸ் ஏறிவிட்டாள். அக்கா என்னை ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வாடா, போடா, எருமை, இதுதான் என் பட்டங்கள். அதன் பிறகு குடும்ப வாட்ஸாப் குரூப்பில் மட்டும், நான் ஏதாவது போட்டால், "நல்லதுங்க" என்று ஒரு வார்த்தை வரும். போன் செய்ய எனக்குக் கை வரவில்லை. என்ன பேச ஆரம்பித்தாலும் அது ஜோக்காகத்தான் முடியும் என்று எனக்கே தெரியும்.

அதனால்தான் சர்வர். அம்மாவின் படங்கள் மட்டும் தனியாக ஒரு ஆல்பம், அறுநூற்றுச் சொச்சம். அதை அக்கா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாள், வைதாலும் சரி. அக்காவுக்கு மட்டும் அனுப்பினால் காலில் விழுந்த மாதிரி ஆகிவிடும் என்று முப்பத்தெட்டுப் பேர் இருக்கிற குரூப்பில் லிங்க்கைப் போடத் திட்டம். மற்றவர்களெல்லாம் சும்மா சாக்கு.

போடுவதற்கு முந்தின நாள் மதியம்தான் அந்தக் கூத்து. எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க, யார் யார் வந்தார்கள் என்று காட்டுகிற பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். யாரோ என் சர்வருக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் மட்டுமில்லை. எந்தெந்த நாட்டிலிருந்தோ, நொடிக்கு ஒருதரம், கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு. இணையத்தில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாலும் எந்திரங்கள் இப்படி வந்து தட்டிப் பார்க்கும், அது சகஜம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. எங்கள் சித்தி மகள் சீருக்கு எடுத்த படத்தைத் திருட எவனோ கடல் தாண்டி வந்துவிட்டான் என்றுதான் பட்டது.

முதல் வேலையாக நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு லைட்டை அணைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு. அணைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று அடக்கிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது. பிடுங்கிய வேகத்தில் டிவிதான் நின்றது. அது வேறு ஒயர்.

அரை மணி நேரம் கழித்துத் தைரியம் வந்ததும் அமைப்புகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எத்தனை கட்டம் இருந்ததோ அத்தனையிலும் டிக் போட்டேன். நிர்வாகப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே திறக்க வேண்டும்: டிக். புதிதாகப் பதிகிற எவரையும் நிர்வாகி பார்த்து அனுமதித்த பிறகே விட வேண்டும்: டிக். பதிகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒரு பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறவன் நான், சீட்டு இல்லாமல் ஒரு வாஷரை வெளியே விட்டதில்லை. எங்கள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கிற நோட்டுதான் ஞாபகம் வந்தது. 'நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?' என்று அடித்தேன். கடைசியாக, யாராவது பதிந்தால் எனக்குத் தகவல் சொல்ல மின்னஞ்சல் முகவரி கேட்டது, கூடவே அதன் கடவுச்சொல்லையும். முன்பின் தெரியாதவனிடம் கடவுச்சொல்லைக் கொடுக்க நான் என்ன கிறுக்கனா? மாதிரிக்கு அவர்களே போட்டிருந்த பொய் முகவரியை அப்படியே விட்டுவிட்டுச் சேமித்தேன். ஒருதரம் பூட்டியாயிற்று, இனி இந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று சத்தியமும் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை லிங்க்கைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் கட்டை விரல்கள் குவிந்தன. அருமைங்க. சூப்பருங்க மாமா. உங்களாலதான் முடியுமுங்க. அக்காவிடமிருந்து நல்லதுங்க.

அதோடு சரி. பயனர்கள்: 1.

முதல் வாரம் வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம், மனுசனுக்கு ஒரு மரியாதை இல்லை என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் எதையும் நினைக்கவில்லை. சாயங்காலம் நானே உள்ளே போய் அம்மா ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். மோர் கடைகிற அம்மா. கண்ணாடியைத் தேடுகிற அம்மா, கண்ணாடி தலையில். நான் திறந்து பார்க்காத அந்தப் பதிவுப் பக்கம் நான் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கும். அந்த வீட்டில் நான் செய்வதைக் கவனிக்க ஒரு ஜீவன் இருந்தது என்றால் அது அதுதான்.

அந்தச் சமயத்தில் அந்தியூரில் ஒரு காது குத்து. சித்தப்பாவின் பேத்திக்கு. அக்கா வருவாள் என்றுதான் போனேன். காலையிலேயே வந்து மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டாளாம். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவனைச் சித்தப்பா தட்டிக்கொடுத்தார்.

"படமெல்லாம் பாத்தேன் கண்ணு. ஜம்முனு இருக்குது."

பயனர்கள் ஒன்று என்று எனக்கல்லவா தெரியும். ஒரு குறும்பு வந்தது. "எந்தப் படம் சித்தப்பா உங்களுக்குப் புடிச்சுது?"

"அல்லாமேதான்."

"நீங்க யானை மேல உக்காந்துட்டு இருந்த படம்?"

"ஆமாமா. அதுதான் பிரமாதம்."

சித்தப்பா ஜென்மத்தில் யானை மேல் ஏறியதில்லை. மொபெட் மேல் ஏறவே ஒருத்தர் பிடிக்க வேண்டும். பக்கத்தில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எதுக்குங்க இந்தப் பொய்யி? நீ தப்பா நெனைக்காத கண்ணு. எங்களை உள்ளயே உடலை. நீங்க யாரு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டுச்சு. சித்தி, படம் பாக்கன்னு எழுதுனேன். காத்திருக்கவும்னு போட்டுச்சு. காத்திருக்கறம்."

"மூணு வாரமாவா?"

"உனக்கு வேலை இருக்குமில்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல சித்தி?"

"எப்படிக் கண்ணு சொல்றது? அவ்ளோ ஆசையாப் போட்டிருக்கற. தொறக்கலைன்னு சொன்னா உனக்குச் சங்கடமா இருக்காதா?"

சுற்றி இருந்தவர்களைக் கேட்டேன். மாமா மகன், பெரியம்மா மருமகள், யாரைக் கேட்டாலும் அதே பதில். எல்லாரும் வந்திருக்கிறார்கள். எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். எல்லாரும் என் மனசு நோகக்கூடாதென்று அருமைங்க போட்டிருக்கிறார்கள். மரியாதையே எங்கள் ஜனங்களைக் கொன்றுவிடும்.

"அக்காவும் வந்திருக்குமா சித்தி?"

"எனக்கு எப்படித் தெரியும்? உன்ற சர்வரைக் கேளு."

கேட்க முடியாது. நிர்வாகப் பக்கத்தை வீட்டுக்குள்ளிருந்து மட்டும்தான் திறக்க முடியும். நானே போட்ட டிக். இலையில் உட்காராமலே கிளம்பினேன். கோபியில் பஸ் மாறி, அன்னூர் வழியாக மூன்று மணி நேரம். வழியெல்லாம் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன், உங்களுக்கு அனுமதி இல்லை என்று அது ஒவ்வொரு தடவையும் நல்ல தமிழில் சொன்னது.

வீட்டுக்குள் நுழைந்து செருப்போடு உட்கார்ந்தேன். நிர்வாகம், அதற்குள் புதிய பயனர்கள், அதற்குள் நிலுவை. நாற்பத்தொரு விண்ணப்பம். கேள்விக்குக் கீழே அவரவர் பதில். 'நான் உங்க பெரியம்மா மருமகளுங்க'. 'சும்மா வந்தேன்'. 'என்னய தெரியலையா மாப்ள, கடன் கேக்க வரல'. 'வேற யாரு, சித்தி'.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அக்கா. அதற்கு அடுத்தது அக்கா2. அப்புறம் அக்கா3. ஒரே பெயரில் மறுபடி பதிய விடாது, அதனால் நம்பர் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா. வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

அக்கா: 'உன்ற அக்கா. அம்மா போட்டோ பாக்க.'

அக்கா2: 'நாந்தான்டா. தொற.'

அக்கா3: 'இன்னைக்கு இங்க மழை. அங்க பேஞ்சுதா?'

அவள் அந்தப் பெட்டியை நான் தினமும் படிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். வேறெப்படி நினைப்பாள்? கேள்வி கேட்டவன் பதிலைப் படிப்பான் என்றுதானே யாரும் நினைப்பார்கள். அக்கா5 தேங்காய் வெட்டு முடிந்தது என்றாள். அக்கா6, 'கோவமா? கோவப்பட வேண்டியது நானு' என்றாள். அக்கா8 ஒரே வார்த்தை: 'சாப்ட்டியா'. அந்தத் தேதியைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, உலகத்தில் என்னைக் கேட்க நாதி இல்லை என்று இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தையல் மெஷின் மேல், ரெண்டு அடி தூரத்தில், அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்கா11: 'அன்னைக்கு ரசத்துல புளி ஜாஸ்திதான். கெளம்பறப்ப ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன்.'

அக்கா12, ஆறு நாளைக்கு முன்னால்: 'செரிங்க. இனிமே தொந்தரவு பண்ணலீங்க.'

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

எந்த அக்காவை அனுமதிப்பது என்று ஒரு நிமிஷம் பதறினேன். பதற்றம் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கிற சரக்கு. நாற்பத்தொன்றையும் அனுமதித்தேன். பயனர்கள்: 42. இப்போது உள்ளே இருப்பவர்கள்: 1. அனுமதித்த செய்தியை அனுப்ப முடியவில்லை, மின்னஞ்சல் அமைக்கப்படவில்லை என்று கீழே சிவப்பில் வந்தது. கதவைத் திறந்துவிட்டேன், திறந்தது யாருக்கும் தெரியாது.

நானேதான் சொல்ல வேண்டும். அதற்கு அந்த மென்பொருளில் கட்டம் ஏதும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். போனை எடுத்தேன். மணி ஐந்தரை. ஆறாவது ரிங்கில் எடுத்தாள். அவள் போனில் என் பெயர் தெரிந்திருக்கும்.

"ஏனுங்க, நீங்க யாருங்க? எதுக்குக் கூப்புட்டீங்க?"

நாக்கு நுனியில் நாலு ஜோக் வந்து நின்றன. நல்லவை. விழுங்கினேன்.

"உன்ற தம்பி" என்றேன். "அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்ல."

அந்தப் பக்கம் குக்கர் ஒருதரம் விசிலடித்தது. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"இருங்க" என்றாள். "பாத்துச் சொல்றேன்."

போனை எங்கேயோ மேடையில் வைத்த சத்தம் கேட்டது. கட் பண்ணவில்லை. நான் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது விசில் வந்தது.