மீசையில்லாத மனிதரைத் தேடிய நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. பெருமாள் செய்ததை நான் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

மாதம் ஒரு சனிக்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போவேன். மலையில் தரிசனம் முடித்து இறங்கியதும் கேமராவோடு கீழ்த் திருப்பதியைச் சுற்றுவேன். கோவிந்தராஜர் கோபுரம், பூக்கடைகள், ரயில் நிலைய மேம்பாலத்திலிருந்து தெரியும் பெட்டிகளின் முதுகு. "சாமியப் பாக்கப் போறீங்களா, செவுத்தப் பாக்கப் போறீங்களா?" என்பாள் என் மனைவி.

அப்படி ஒரு சனிக்கிழமை மேம்பாலத்தில் நின்று ரயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெண், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரு படத்தை நீட்டி அழுதாள். இறங்கிப் போய் விசாரித்தேன். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலையிலிருந்து இறங்கி கோபுரத்தருகே வந்தபோது அவளுடைய அப்பா கூட்டத்தில் தவறிவிட்டார். சர்க்கரைக்காரர். காலையில் மாத்திரை போட்டவர் இன்னும் சாப்பிடவில்லை. கையில் போனும் இல்லை. கணவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் இரண்டு மணி நேரமாகத் தேடுகிறார்கள்.

படத்தில் அடர்ந்த நரைமுடி, முறுக்கு மீசை.

"மொட்டை போட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்க, மீசையும் எடுத்து..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். இல்லாத மீசையை ஊரெல்லாம் தேடச் சொல்லியிருக்கிறாள்.

அவர் தவறிய நேரத்தில் நானும் கோபுரத்தருகேதான் இருந்தேன். கேமராவில் அப்போது எடுத்த கோபுரப் படத்தைத் திறந்தேன். கோபுரத்தடியில் சந்தனம் பூசிய தலைகள் இருபதுக்குக் குறையாது. பெரிதாக்கி ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

"இது எங்க நைனா காது," என்றாள் அவள். மடிந்த காது, தோளில் பச்சைத் துண்டு. அடுத்த படத்தில் அந்தத் துண்டு கோயில் குளத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

கோவிந்தா கோவிந்தா என்றுகொண்டே ஓடினோம். குளத்து மதில் நிழலில் சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம்; சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. பையிலிருந்த பிரசாத லட்டைப் பிட்டு வாயில் வைத்தேன். மெல்ல மென்றார். சிறிது நேரத்தில் கண் தெளிந்தது.

"ஒரு எடத்துல நிக்கமாட்டியா நைனா?" என்று அழுதாள் மகள்.

"உன் புருசன் பின்னாடிதான் போய்க்கினு இருந்தேன். இங்க வந்து திரும்பினான் பாரு, அவன் வேற மொட்டை."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க மறந்துவிட்டேன். அன்று மாலை அவர் தன் சொந்த மருமகன் கையைப் பிடித்து ரயில் ஏறினார். கோபுரப் படத்தை என் மனைவியே பூஜை அறையில் மாட்டினாள்.

இப்போது எங்கள் தெருவில், செத்தவர் பிழைத்தார் என்றும், பெருமாளே படத்தில் விரல் நீட்டினார் என்றும் சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை. மகளுக்குக் காது அடையாளம் தெரிந்தது, பிரசாதம் கையில் இருந்தது. எனக்கு அவன் கருணை அவ்வளவே போதும். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள்.